மலை ஏறும்போது திணறும் பழைய பைக்: பிளக் கோளாறா, பெட்ரோல் முள் சொன்ன பொய்யா?

கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கு ஏறும் சாலை. பழைய பைக் ஒன்று பாதி மலையில் இரும ஆரம்பிக்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சைலன்சரில் 'டப் டப்' என்று சத்தம். அடுத்த கொண்டை ஊசி வளைவில் மொத்தமாக நின்றுவிடுகிறது. மீட்டரில் பெட்ரோல் முள் கால் டேங்க்குக்கு மேல் காட்டுகிறது. ஓட்டுபவருக்கு வேறு என்ன தோன்றும்? "பெட்ரோல்தான் இருக்கே, அப்போ பிளக்தான் அடிச்சிருக்கு." ஒர்க்‌ஷாப்பில் புது பிளக் போடுகிறார்கள். ரெண்டு நாள் நன்றாக ஓடுகிறது. மூன்றாவது நாள் அதே ஏற்றம், அதே இருமல்.

இப்படி பிளக் மேல் பிளக் மாற்றியே காசு போவதற்கு ஒரு காரணம், இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரி அறிகுறி காட்டுவது. தீப்பொறி சரியாக வராவிட்டாலும் வண்டி திணறும். பெட்ரோல் சரியாக வராவிட்டாலும் வண்டி திணறும். எது என்று சொல்ல வேண்டிய பெட்ரோல் முள்ளே பழுதாகி இருந்தால், பழி பிளக் மேல் விழுந்துவிடுகிறது.

அப்பா ஓட்டிய ஸ்ப்ளெண்டரையோ, சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐயோ ஊருக்குப் போகும்போது மட்டும் எடுத்து ஓட்டுபவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கோளாறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கிடம் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டன்மேட்டில் மட்டும் என்ன விசேஷம்?

வண்டன்மேடு இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய் மையம். பக்கத்தில் உள்ள புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும்தான் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அதனால் மலைக்கும் தேனி மாவட்டத்துக்கும் இடையே ஆள் நடமாட்டம் நிற்பதே இல்லை. ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் நிறைய.

இந்த ஏற்ற இறக்கம்தான் பழைய வண்டிக்குச் சோதனை. கம்பம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டன்மேட்டுப் பக்கத் தோட்டங்கள் 1,000 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வெளியான வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். காற்று எவ்வளவு வருகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோலை அது கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று மெலிந்தாலும் பழைய கணக்கிலேயே பெட்ரோலைத் தள்ளும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம்: எரியாத கரி பிளக்கில் போய்ப் படியும்.

இறங்கும்போதும் அதே கதைதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி, கிலோமீட்டர் கணக்கில் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தால் பிளக் குளிர்ந்துபோகும், கரி இன்னும் சேரும். போடிமெட்டில் இருந்து இறங்கி முடித்ததும் வண்டி ஐடிலிங் நிற்காமல் துடிப்பது இதனால்தான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிளக்குக்கு அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டியிருக்கும். பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு விஷயம் பெட்ரோல் விலை. கேரளாவில் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். 2023 ஏப்ரலில் இருந்து அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. அதனால் எல்லையோரக்காரர்கள் "கீழ போய் போட்டுக்கலாம்" என்று மலையில் டேங்க் காலியாகும் வரை இழுத்தடிப்பது உண்டு. முள் சரியாக வேலை செய்தால் அது சாமர்த்தியம். முள் பொய் சொன்னால், மூடுபனியில், சிக்னல் இல்லாத வளைவில், வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நடு வழியில் நின்றால் முதலில் என்ன பார்ப்பது?

வண்டி எப்படி நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: பிளக், பிளக் கேப், காயில், சிடிஐ. கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்து, திணறித் திணறி, நூறு இருநூறு மீட்டர் போராடி நின்றால் பெட்ரோல் பக்கம். திணறும்போது சோக்கை இழுத்தால் ஒரு நிமிஷம் உயிர் வருகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை என்று கிட்டத்தட்ட உறுதி. சோக் போட்டதும் இன்னும் மோசமாகிறதா? ஏற்கெனவே பெட்ரோல் அதிகம், பிளக் கறுத்திருக்கும்.

அடுத்து டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். தூசியும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அந்தத் துளையில் சேறாக நிற்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் தீர்ந்தது. இந்த ஒன்றுக்காக பிளக், காயில் என்று மாற்றியவர்களை நிறையப் பார்க்கலாம்.

டேங்க்குக்குள் எட்டிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். பைக்கின் டேங்க் வாளி மாதிரி இல்லை. குதிரைச் சேணம் மாதிரி ஃப்ரேமின் இரு பக்கமும் தொங்குகிறது. நடுவில் ஒரு மேடு. பெட்ரோல் குறைந்ததும் வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் என்று பிரிந்து நிற்கும். பெட்ரோல் டேப் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், பல வண்டிகளில் இடது பக்கம். டேப் இருக்கிற பக்கம் காலியாகி, மறுபக்கம் அரை லிட்டர் கிடந்தாலும் வண்டி நிற்கும். மூடியை இறுக்கிவிட்டு, டேப் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்தால் அந்தப் பெட்ரோல் மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். அடுத்த பங்க் வரை போக அது போதும். பழைய ஆட்கள் வண்டியைப் படுக்க வைத்து எடுப்பதன் சூட்சுமம் இதுதான்.

டேப்பை ரிசர்வில் போட்டதும் வண்டி இன்னும் அதிகமாகத் திணறினால் டேங்க் அடியில் தண்ணீரோ துருவோ இருக்கிறது. ரிசர்வ் பெட்ரோல் எடுப்பது அடிமட்டத்தில் இருந்து. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அங்கேதான் தங்கும்.

பிளக் என்ன சொல்கிறது?

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை போய்விடும், அந்தச் செலவில் இருபது பிளக் வாங்கலாம். கழற்றும் முன் சுற்றி இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும்.

பிளக்கின் நுனி நல்ல நிலையில் வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். காய்ந்த கரி மாதிரி, விரலில் ஒட்டும் மையாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. மலையில் இதுதான் வழக்கம். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும். அடுத்து, சோக் முழுக்கத் திரும்பி மூடுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் சோக் கேபிள் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் விஷயம் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து இன்ஜின் ஆயில் மேலே வருகிறது. பிளக் மாற்றுவது இதற்கு மருந்தே இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் எப்படியும் பெட்ரோலோடு சேர்ந்துதான் எரியும் என்பதால் ஓரளவு பிசுக்கு சகஜம். ஆயில் பம்ப் அதிகமாகத் தள்ளினால் அல்லது கையில் கலக்கும்போது அளவு கூடினால் பிளக் மூழ்கிவிடும். 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதை வைத்திருப்பவர் சீட்டுக்கு அடியில் ஒரு உபரி பிளக் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. கறுப்பைவிட பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. காற்று எங்கோ கசிந்து உள்ளே வருகிறது, அல்லது பிளக்கே தப்பானது. அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம்.

ஒரு எச்சரிக்கை: பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டோ, மலை இறங்கியதுமோ பிளக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எந்த நல்ல பிளக்கும் அப்போது கறுப்பாகத்தான் இருக்கும். நாலைந்து கிலோமீட்டர் இழுவையோடு ஓட்டி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

"எந்த பிளக்னாலும் ஓடும் தம்பி" உண்மையா?

மரை பொருந்தினால் ஓடும், ஆனால் எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. பிளக்கின் மேல் இருக்கும் எழுத்துகள் சும்மா இல்லை. என்ஜிகே நிறுவனத்தின் சிபிஆர்8இஏ-9 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். 'சி' என்றால் 10 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் ஸ்பேனர். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 'இ' மரையின் நீளம், 19 மில்லிமீட்டர். கடைசியில் வரும் 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. நடுவில் இருக்கும் 8தான் வெப்ப எண். பிளக்கின் நுனி சுமார் 450 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் கரி பிடிக்கும். மேலே போனால் பெட்ரோலைத் தீப்பொறி வரும் முன்பே பற்றவைத்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட 'குளிர்ச்சி' அதிகம், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். பாஷ் பிளக்கில் நேர் எதிர்: எண் கூடினால் 'சூடு' அதிகம். ஒரு கம்பெனி எண்ணைப் பார்த்து இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணையே வாங்குங்கள். 

போடும்போது முதலில் கையால் மட்டுமே முழுக்கத் திருகுங்கள். புது பிளக் என்றால் அதன் பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று; பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் நகர்கிற அளவு போதும். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அவசரத்துக்குச் சரி, தினமும் வேண்டாம். பீங்கானில் கீறல் விழுந்தால் கரி அங்கேயே போய் ஒட்டும்.

தீப்பொறி பார்ப்பது எப்படி என்று யூடியூப் முழுக்க வீடியோ இருக்கிறது. அதில் பலரும் சொல்லாமல் விடுவது இரண்டு. கழற்றிய பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டை நன்றாகத் தொட்டபடி வைத்துத்தான் கிக் அடிக்க வேண்டும். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு அடித்தால் காயிலோ சிடிஐயோ போகலாம். அதோடு பிளக்கை அதன் துளைக்குத் தள்ளி வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும். பளிச்சென்ற நீலப் பொறி நல்லது. மங்கலான மஞ்சள் என்றால் வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மங்கல் என்றால் குற்றவாளி பிளக் அல்ல.

அப்போது பார்க்க வேண்டியது பிளக் கேப். ஏலமலையின் பனியிலும் சாரலிலும், முடி அளவு விரிசல் விட்ட ரப்பர் கேப் வழியாக மின்சாரம் கசிந்து ஹெட்டுக்குப் போய்விடும். காலையில் மக்கர் பண்ணி, வெயில் ஏறியதும் நன்றாக ஓடும் வண்டி என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கேப்பைச் சுற்றி மினுக் மினுக்கென்று தெரியும். பல வண்டிகளில் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் பச்சை பிடித்த நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புது கேப்பைத் திருகலாம்.

எத்தனால் பெட்ரோல் வந்தபிறகு?

2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்டது. அதைத் தாங்கும் பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுக்குத்தான். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, பழைய வகை இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்றது.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்பரேட்டர் வண்டியில் கலவை சற்று மெலியும். மலையில் காற்று மெலிவதால் கலவை கெட்டியாகும். ஒன்றுக்கொன்று எதிர். ஆக, வண்டன்மேட்டில் சரியாக ஓடும் பழைய வண்டி, தேனி வெயிலில் கொஞ்சம் சூடு பிடிக்கலாம். அதனால்தான் மலைக்கு என்று கார்பரேட்டர் ஜெட்டைச் சிறிதாக மாற்றச் சொன்னால் யோசியுங்கள். முழு நேரமும் மேலேயே ஓடும் வண்டிக்குச் சரி. வாரம் ரெண்டு தடவை ஏறி இறங்குகிற வண்டிக்குக் கீழே போனதும் ஆபத்து.

பெரிய தலைவலி தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்க் துருப்பிடிக்கும், கார்பரேட்டரின் ரப்பர் பாகங்கள் ஊதும். டேங்க்குக்குள் மிதக்கும் பெட்ரோல் மீட்டர் மிதவையும் இதே குளத்தில்தான் நாள் முழுக்கக் கிடக்கிறது.

சரி, பெட்ரோல் முள் ஏன் பொய் சொல்கிறது?

அமைப்பு எளிது. டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதற்கு ஒரு கம்பிக் கை. பெட்ரோல் ஏறி இறங்க, அந்தக் கை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகரும். தடை மாற மாற மீட்டரில் முள் நகரும். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் மாதிரி வண்டிகளில் இந்த வம்பே இல்லை. டேப்பில் ரிசர்வ் மட்டும்தான்.

மலைச்சாலையில் முள் ஆடுவது எல்லாமே கோளாறு அல்ல. ஏறும்போது பெட்ரோல் பின்னால் போகும், இறங்கும்போது முன்னால் வரும். மிதவையும் கூடவே போகும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது காட்டுவதையும் நம்பாதீர்கள். சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில், சாவி போட்டுச் சில விநாடி கழித்துப் பாருங்கள். அதுதான் கணக்கு.

அங்கேயும் தப்பாகக் காட்டினால் முதலில் பேட்டரி. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரம் மேக்னட் காயிலில் இருந்தே வரும். அதனால் பேட்டரி செத்திருந்தாலும் கிக் அடித்தால் வண்டி கிளம்பிவிடும். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துக்கொள்வோம். ஹார்ன் அடித்துப் பாருங்கள், இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். ரெண்டும் முனகினால் முள் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

பேட்டரி சரியென்றால் டேங்க்கின் அடியில் இருந்து வரும் சென்சார் ஒயரின் கனெக்டரைத் தேடுங்கள். டேங்க் மூடி மூடியே இருக்கட்டும், பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். சாவியை ஆஃப் செய்து கனெக்டரைப் பிரியுங்கள். சாவியை ஆன் செய்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மறுபடி ஆஃப் செய்து, மீட்டருக்குப் போகும் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து, சில விநாடி மட்டும் ஆன் செய்யுங்கள். முள் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு டேங்க்குக்குள். நகரவே இல்லை என்றால் ஒயர், எர்த் அல்லது மீட்டர். மழையில் நனையும் வண்டிகளில் கனெக்டரில் பச்சை பிடிப்பதுதான் அதிகம். சுத்தம் செய்தாலே போதும். மூன்று ஒயர் வரும் மாடல் என்றால் நீங்களாக இணைக்காமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் முழு மீட்டரையும் மாற்றச் சொல்பவரிடம், "அண்ணே, மொதல்ல சென்சார் கனெக்டர கழட்டி ஒரு தடவ செக் பண்ணிருவோமா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்சாரை டேங்க்கில் இருந்து எடுத்தால் காரணம் பெரும்பாலும் கண்ணிலேயே தெரியும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே 'களுக்' என்கிறதா? பெட்ரோல் புகுந்து மூழ்கிவிட்டது. முள் எப்போதும் காலி காட்டும். கை துருவில் சிக்கி நிற்கிறதா? முள் எப்போதும் ஒரே இடம். பாதி டேங்க் காட்டிக்கொண்டே காலியாகும் ஆபத்தான வகை இது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கையை மெல்ல நகர்த்தினால் எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் குதித்தால் தடைப் பட்டை தேய்ந்துவிட்டது, புது சென்சார்தான். மாட்டும்போது வாஷரையும் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் இன்ஜின் மேல் சொட்டும்.

மாதக் கணக்கில் நிற்கும் வண்டி

சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும் முன் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போவது நல்லது. காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும், துருவும் குறையும். பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசின் ஆகாது. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள்.

சென்சார் மாற்றிய பிறகு முள்ளை நம்பும் முன் ஒரு சின்ன வேலை. காலி டேங்க்கில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, வண்டியைச் சமமாக நிறுத்தி, முள் எங்கே வருகிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் முதல் ஒன்றரை லிட்டருக்கு முள் அசையாமல்கூட இருக்கலாம். அதற்குமேல் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று டேங்க்கை முழுக்க நிரப்பி, மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்து, ரிசர்வ் வரும் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். மலையில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை. இரண்டும் ஒரே கணக்கு வராது.